வாழைப்பழத்துக்கு இங்கே ஒரே பெயர்

1

“…பனானா மேன், மேடம். அவ்வளவுதான், வேறே யாருமில்லை,” என்றாள் என் மகள் ரோசம்மாள்.

இங்கிலீஷில்தான் சொன்னாள். வாழைப்பழம் விற்கிற ஆள் என்று அர்த்தம். சொன்னது தன் எஜமானி துரைசானியிடம். அந்த ஆள் நான். டர்பன் பட்டணத்தில் வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற மேட்டுத் தெருவில், ஒரு பெரிய வீட்டின் சமையற்கட்டு வாசலில் மூன்று பேரும் நின்றிருந்தோம். அவள் இடுப்பில் துரைசானியின் பெண் குழந்தை. என் தோளில் மூங்கில் தண்டு, தண்டின் இரு முனையிலும் பழக்கூடை.

அது நடந்து இன்றைக்கு ஒரு வருஷம் ஆகிறது.

நம் கோவில் மாதத் தாளுக்கு எழுது, எழுது என்று ஊரிலிருந்து வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நெட்டாலுக்குப் போனாயே, அங்கே என்ன விசேஷம், சோறு கிடைக்கிறதா, துரைமாரோடு இங்கிலீஷில் பேசுகிறாயாமே என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். சோறு கிடைக்கிறது. இங்கிலீஷும் பேசுகிறேன். அதில் ஒரு வார்த்தையைத் துரைமாரே மெச்சும்படி பேசுவேன். அந்த ஒரு வார்த்தையைப் படித்த வரலாற்றைத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கோவில் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டவன். எழுத்தில் பிழை இருந்தால் வாசித்துக் காட்டுகிறவர் திருத்தி வாசிக்கட்டும். துரைசானிக்குத் தமிழ் தெரியாது, அந்தத் தைரியத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

சின்னமனூர்ச் சந்தையில் போய் “வாழைப்பழம் கொடு” என்று கேட்கிறவன் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். பழக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்து, “என்னா பழம்?” என்பாள். விருந்தாளிக்கு என்றால் ரஸ்தாளி. பூசைக்கு, பந்திக்கு என்றால் பூவன். பிள்ளைக்கு வயிறு மந்தம் என்றால் நாடன். கறிக்கு மொந்தன். மேகமலை அடிவாரத்திலிருந்து கழுதைமேல் வந்து இறங்குகிற மலைப்பழம் என்றால் அவளே இரண்டு கையாலும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தருவாள்.

குச்சனூர்க் கோவிலுக்குச் சனிக்கிழமைக் கூட்டத்தில் பழம் விற்க வருகிற ஒருத்தி இருந்தாள். கூவமாட்டாள், பேசுவாள். “எம் பழத்துக்குத் தோலு ஒண்ணுதான்யா பாரம், அதையும் உரிச்சுக் குடுத்துருவேன், ஒங்க வாயி சும்மா தொறந்துருந்தாப் போதும்” என்பாள். வாங்குகிறவனின் பெண்சாதிக்குப் பிரசவம் ஆயிற்றா, மாடு கன்று போட்டதா, எல்லாம் கேட்டு முடித்த பிறகே சீப்பை எடுப்பாள். நாம் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அந்தக் கோவிலுக்குக் கும்பிடப் போகமாட்டோம். ஆனாலும் அவள் பேச்சைக் கேட்பதற்காகவே அந்தப் பக்கமாகச் சுற்றிப் போயிருக்கிறேன்.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் வாயைத் திறந்து வைத்திருக்கத்தான் முடிந்தது. பழமும் இல்லை, பேச்சும் இல்லை. ஆறு மணலாகக் கிடந்தது. கப்பலுக்கு ஆள்கட்டுகிறவன் வந்தான். நானும் சவேரியம்மாளும் கல்யாணமான புதிதில், கரும்புக்காட்டில் ஐந்து வருஷம் என்று கிர்மிட் என்கிற ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினோம்.

இப்போது நீங்கள் சொல்லியனுப்புகிறீர்கள், மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை நம் பக்கம் திருப்பிவிட்டார்கள், கம்பத்திலிருந்து கீழே வரைக்கும் கரையெல்லாம் பச்சை, வாழை வைத்தால் ஆள் உயரத்துக்குத் தார் விடுகிறது என்று. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. சவேரியம்மாளுக்கு அதைச் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே, “வரட்டும். நாம செத்த பொறவு பால ஊத்துன மாதிரி வரட்டும்” என்றாள்.

3

அந்தக் கிர்மிட்டும், வழியில்லாமல் மறுபடி ஐந்து வருஷத்துக்கு எழுதிக்கொடுத்த கிர்மிட்டும் முடிந்து உம்கேனி ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தோம். கரும்பைக் கண்ணால் பார்க்கவும் பிடிக்காமல் வாழை வைத்தேன். மண் நல்ல மண். வாழை வந்தது. விற்க வேண்டுமே, அதற்கு வாய் வேண்டும்.

சென்னைப் பட்டணத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது அங்கிருந்த ரைட்டர் ஒருவர், வாழைப்பழத்துக்கு இங்கிலீஷில் ‘பிளான்டேன்’ என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அதைப் பத்து வருஷம் பத்திரமாக வைத்திருந்து, முதல் நாள் டர்பன் தெருவில் எடுத்துவிட்டேன். தொண்டை கட்டும் வரைக்கும் கூவினேன். கதவு திறந்து பார்த்தவர்கள் கதவை மூடினார்கள். ஒரு துரைசானி மட்டும் வந்து கூடையைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் வேலைக்காரனிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள். இந்த நாட்டுக்காரனான அந்த ஜூலு ஆள்தான் எனக்கு இரங்கி, பழத்தைத் தொட்டுக் காட்டி, “பனானா, பனானா” என்றான்.

தெருவில் இந்தக் கதி. ஆபீஸில் அதற்கு மேல். தெருவில் பழம் விற்க நகரசபை லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ஆபீஸில் வெள்ளைக்காரருக்கு முன்வாசல், நமக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே நிழல், வெளியே வெயில். குமாஸ்தா கேட்பான், என்ன விற்கிறாய் என்று. எனக்கு அப்போது நாக்கு எங்கே போகுமோ தெரியாது. பிளான்டேன் என்பேன், பானனா என்பேன், ஒருநாள் பயத்தில் ரஸ்தாளி என்றே சொல்லிவிட்டேன். அவன் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் கேட்காதவன் போல நடிப்பான். உள்ளே அவனுக்குப் பின்னால் நிற்கிற துரைமார் சிரிப்பார்கள். “அடுத்த வாரம் வா” என்று ஜன்னல் சாத்தும். நான் நின்ற வெயிலில் கூடைப் பழமும் நின்றது. திரும்பும்போது தோல் கறுத்து ஈ மொய்க்கும்.

அப்போது ரோசம்மாள் சிறுமி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்று நான் கறுத்த பழத்தைப் பன்றிக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அய்யா, நீங்க வண்டிமாட்ட வெரட்டுற மாதிரி சொல்றீக. இங்கன பாருங்க. ப-னா-னா. மொதல்ல லேசாத் தொடணும். நடுவுல அழுத்தி நிக்கணும். கடசியில விட்டுரணும்.”

“கடசியில விட்டா விழுந்துராதா தாயீ?”

“விழுகட்டும். விழுந்தாத்தான் இங்கிலீசு.”

சவேரியம்மாள் அடுப்படியிலிருந்து, “பழம் விக்கப் போறீகளா, பாட்டுக் கச்சேரிக்குப் போறீகளா?” என்றாள்.

நான் தோட்டத்தில் மண் அணைக்கும்போதும் சொன்னேன், தண்ணீர் சுமக்கும்போதும் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்து முனியாண்டி நம் பக்கத்து ஆள், சின்னமனூருக்குத் தெற்கே. வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “ஏலே, வாழ மரத்துக்கிட்டயே வாழைக்கு என்னா பேருன்னு சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்கியே, அது தப்புன்னு சொல்லுச்சுன்னா என்னாடா பண்ணுவ?”

மறுபடி ஜன்னலுக்குப் போனேன். கேட்டான். சொன்னேன். குமாஸ்தா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையில் கட்டிக்கொள்கிற தகர வில்லை ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கிச் சுற்றினேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நினைத்துப் பார்க்கிறேன். என் மகள் எனக்கு வாத்தியார் என்று முனியாண்டியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

4

வார்த்தையைச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது என்று அப்புறம்தான் தெரிந்தது. இங்கே ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்வது என்றால், எங்கே நின்று சொல்கிறோம், எவ்வளவு சத்தத்தில் சொல்கிறோம், அதற்கு முன்னும் பின்னும் என்னென்ன சொல்லாமல் விடுகிறோம் எல்லாம் அதில் சேர்ந்தது. அந்தப் பாடத்தை முனியாண்டி நடத்தினான்.

“முன்வாசலப் பாத்துக் கூவாத. கொல்லப்பக்கம் போ. ஒருக்காச் சொல்லு. கேட்டா நில்லு. கேக்கலையா, நட.”

“வீட்டுல எல்லாரும் சொகமான்னு ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?”

“கேளு. போலீசு வந்து ஓஞ் சொகத்த விசாரிப்பான்.”

நான் நம்பவில்லை. பழம் விற்கிறவன் பேசாமல் எப்படி விற்பது? ஒரு வீட்டில் குழந்தை இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த நாள் போனபோது சத்தம் இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் திரட்டி, “பேபி குட், மேடம்?” என்று கேட்டேன். அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போனாள், நாய் வெளியே வந்தது. தண்டையும் கூடையையும் போட்டுவிட்டு ஓடினேன். முனியாண்டி என் கெண்டைக்காலில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே, “நாய்க்கு மட்டும் ஓம் பாஷ வெளங்கியிருக்குடா” என்றான்.

அன்றிலிருந்து ஒரே வார்த்தைதான். பனானா, மேடம். தாங்க்யூ, மேடம். அவர்கள் நம் ஆண்பிள்ளைகள் எல்லோரையும் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். முனியாண்டியும் சாமி, நானும் சாமி, வேலூரிலிருந்து வந்தவரும் சாமி. பெண்பிள்ளைகள் எல்லோரும் ‘மேரி’. நம் ஊரில் சாமி என்றால் கும்பிடுகிறவருக்கோ பூசை வைக்கிறவருக்கோ சொல்வது. இங்கே கொல்லைப்புறத்தில் நிற்கிறவனுக்குச் சொல்வது. ஆண்களுக்கு ஒரு பெயர், பெண்களுக்கு ஒரு பெயர், அத்தனை வாழைப்பழத்துக்கும் ஒரு பெயர். சிக்கனமான ஜனங்கள்.

ரோசம்மாள் இதற்குள் ‘ரோசி’ ஆகிவிட்டாள். ஜெபம் இங்கிலீஷில் சொன்னாள். நான் அங்கன, இங்கன என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருநாள் தேனி, அல்லிநகரம் என்று ஊர் ஊராகத் தாண்டி வந்த பழைய வழியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “அல்லிநகரம்னா யாருய்யா, ஒங்களுக்கு அத்தையா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். சவேரியம்மாள் சிரிக்கவில்லை.

படிப்பு முடிந்த பிறகு அவளுக்கு இரண்டே வழி இருந்தது. ஒன்று, மறுபடி கரும்புக்காடு. அங்கே பெண்பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்பது சவேரியம்மாளுக்குத் தெரியும். அவள் முதுகில் சவுக்குத் தழும்பு இருக்கிறது. முதுகில் இருப்பது எனக்குத் தெரியும். மற்றதை அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இன்னொரு வழி, வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. படுக்க அறை, சுத்தமான துணி, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போக அனுமதி.

மேட்டுத் தெருத் துரைசானியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்றாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

“என்னா கேட்டாக?” என்றாள் சவேரியம்மாள்.

“ஆளு இருக்கான்னு கேட்டாக. இல்லன்னுட்டேன்.”

“என்ன ஆளு?”

“தாய் தகப்பன்.”

சவேரியம்மாள் அகப்பையோடு திரும்பினாள். பிறகு அவளே சொன்னாள். முன்னால் அந்த வீட்டில் இருந்த பெண்ணைத் தேடி அவள் ஜனம் அடிக்கடி கொல்லைப்புறத்துக்கு வந்ததாம். துரைசானிக்கு அது பிடிக்கவில்லை. ஒருவரும் இல்லாத மிஷன் பெண்ணாக வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள். இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள்.

“நான் இங்கன குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துருக்கேன்டி,” என்றாள் சவேரியம்மாள். “ஒனக்குக் கஞ்சி வேற காச்சிக்கிட்டு இருக்கேன்.”

“வேணாம்னா வேணாம்னு சொல்லு ஆத்தா. நாளைக்கே கரும்பு வெட்டப் போறேன்.”

சவேரியம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். “சரி. நான் செத்ததாவே இருக்கட்டும். கரும்புக்காட்டுல ஓங் காலு படக்கூடாது. அதுக்கு நான் எத்தன தடவ வேணும்னாலும் சாவேன். ஒங்க அய்யாவையும் சேத்துக்க.”

ரோசம்மாள் என் பக்கம் திரும்பினாள். “அந்தத் தெருப் பக்கம் நீங்க வந்துராதீகய்யா. வந்தாலும் என்னய ஏறிட்டுப் பாக்காதீக. தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிருவாக.”

“நான் எதுக்குத் தாயீ அங்கன வாரேன்? அது முனியாண்டி தெருவு,” என்றேன்.

5

முனியாண்டிக்குக் காய்ச்சல் கண்டது. தெருவை இரண்டு நாள் விட்டால் வேறொருவன் பிடித்துக்கொள்வான். “ஒரே ஒரு காலையில போயிட்டு வந்துருடா. அந்த வீட்ட மட்டும் தாண்டிப் போயிரு,” என்று பாயில் படுத்துக்கொண்டே கும்பிட்டான். போனேன். அந்த வீட்டு மதில் வந்ததும் வாயை மூடிக்கொண்டு எட்டி நடை போட்டேன்.

“சாமி!” என்று மேலிருந்து குரல் வந்தது. துரைசானியே வராந்தாவில் நின்றாள். “பனானா!”

ஓடினால் சந்தேகப்படுவாள். கொல்லைப்பக்கம் போய், “பனானா, மேடம். குட் மார்னிங், மேடம்” என்றேன். லேசாகத் தொட்டு, நடுவில் நின்று, கடைசியில் விட்டேன்.

துரைசானிக்கு ஆச்சரியம். மற்றவன் கத்துவான், நீ அழகாகச் சொல்கிறாயே, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு விளங்கிய மாதிரி எந்த இங்கிலீஷும் விளங்கியதில்லை. “மிஷன், மேடம்” என்றேன்.

“ரோசி, தட்டு கொண்டு வா!”

வந்தாள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, இடுப்பில் குழந்தை, கையில் பீங்கான் தட்டு. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நான் கூடையைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். ஒரு சீப்பை வைத்தேன். அதை உள்ளே வைத்துவிட்டு, துரைசானி கழித்த அடிபட்ட இரண்டு பழத்தைத் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு வேறு வேண்டாம், போதும் என்றாள் துரைசானி. குழந்தை நழுவிற்று. ரோசம்மாள் அதைச் சரியாக இடுக்கிக்கொள்வதற்காகத் தட்டு என் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் யாராவது வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால், கிண்ணத்தை நாம் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்போமா? ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு கல் உப்பு, ஒரு துண்டு வெல்லம் போட்டுத்தான் கொடுப்போம். அதிலும் வீட்டுப் பெண் கையில் வெறும் தட்டைக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் நம்மிடத்தில் கிடையாது. அதை ஒருவர் நமக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நினைத்துச் செய்வதும் இல்லை. கைக்கே தெரியும்.

என் கை கூடைக்குள் போயிற்று. அடியிலிருந்து, சவேரியம்மாள் வைக்கோலில் பழுக்க வைத்த தங்கம் போன்ற பழம் இரண்டைப் பிரித்து, ஒற்றையாக வைக்கக் கூடாதே என்று இரண்டையும் சேர்த்துத் தட்டில் வைத்தது. வாயாவது சும்மா இருந்திருக்கலாம். “வெறுந்தட்டாக் கொண்டு போகாத தாயீ,” என்று சொல்லிவிட்டது.

ரோசம்மாளின் கண் என்மேல் ஏறிற்று, இறங்கிற்று.

துரைசானி படியில் ஓர் அடி இறங்கி வந்தாள். வேண்டாம் என்றேனே, எதற்கு வைத்தான்? உனக்கு எதற்குக் கொடுக்கிறான்? என்ன சொன்னான்? இவன் உனக்கு யார், ரோசி? அடுக்கிக்கொண்டே போனாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

தகப்பன் என்றால் அவள் பொய் வெளியே வரும், சாயங்காலமே கரும்புக்காடு. யாரோ என்றால், யாரோ ஒருவன் பழம் கொடுத்து ஆசையாகப் பேசுகிற பெண் என்று ஆகும். அதற்கும் வேலை போகும், பெயரும் சேர்ந்து போகும். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரு வார்த்தைதான் வந்து நின்றது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவள்தான் சொன்னாள். யாருக்கும் கொசுறு வைப்பது இந்த ஆட்களின் பழக்கம், மேடம், அதைத்தான் சொன்னான் என்றாள். அப்புறம், இவன் பனானா மேன், மேடம், அவ்வளவுதான், வேறே யாருமில்லை என்றாள். எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். ஒரு பிசகு இல்லை.

6

வீட்டுக்கு வந்து சவேரியம்மாளிடம் எல்லாம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். “பொழச்சுக்கிட்டா” என்றாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, “தட்டுல வச்ச பழத்தத் தின்னாளா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது.

முனியாண்டி காய்ச்சல் தீர்ந்து எழுந்தான். விஷயத்தைக் கேட்டபோது கேலி செய்ய அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. “ஓம் மக கெட்டிக்காரிடா,” என்றான். “கெட்டிக்காரியாப் பெத்தது ஓந் தப்பு.”

துரைசானிக்குச் சந்தேகம் தீர்ந்தது மட்டுமில்லை, ரோசியின்மேல் நம்பிக்கையும் கூடிற்று. கொஞ்ச நாளில் அந்தத் துரைக்கு உள்நாட்டில், ரயிலில் ஏறி இரவும் பகலும் போகிற தூரத்தில் உத்தியோகம் மாறிற்று. ஒருவரும் இல்லாத பெண், அழைத்துப் போவதில் கரைச்சல் இல்லை என்று இவளையும் கூட்டிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சொன்னாள். சவேரியம்மாள் அவள் தலையை அவிழ்த்து, எண்ணெய் தேய்த்து, மறுபடி பின்னிவிட்டாள்.

“ரயிலடிக்கு வாரோம்,” என்றேன் நான்.

“எப்பிடி வருவீக?” என்றாள் சவேரியம்மாள், மகள் பேசுவதற்கு முன்பே. “அனாதப் புள்ளைய வழியனுப்ப யாரு வருவா? நீங்களும் வரக்கூடாது, நானும் வரக்கூடாது. நாமதான் செத்துப் போனோமே.”

போகவில்லை. வண்டி புறப்படுகிற நேரத்துக்கு நான் தோட்டத்தில் வாழைக்குப் பக்கக்கன்று கழித்துக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்தின்மேல் வண்டி போகிற சத்தம் எங்கள் தோட்டத்துக்குக் கேட்கும்.

அவள் நன்றாக இருக்கிறாள் என்று அந்தப் பக்கம் போய்வருகிற ஆட்கள் சொல்கிறார்கள். கோவிலில் பார்த்தார்களாம், செருப்புப் போட்டிருந்தாளாம். தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொன்னாளாம். நீங்கள் ஊரில் கேட்கக்கூடும், இதற்கா கப்பல் ஏறினாய் என்று. கரும்புக்காட்டில் என் மகள் கால் படவில்லை. இதைத் தவிர நான் சொல்லிக்கொள்ளக்கூடிய பதில் எதுவும் இல்லை. சவேரியம்மாளும் அதையேதான் சொல்கிறாள். சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

இப்போது லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் குமாஸ்தா என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறான். பின்னால் நிற்கிற புது ஆட்களிடம் என்னைக் காட்டி, இவனைப் போலச் சொல்லப் பழகுங்கள் என்கிறான். கப்பலில் புதிதாக வந்த நம் ஜனங்கள், “அண்ணே, எங்களுக்கும் சொல்லித் தாங்க” என்று சுற்றிக்கொள்கிறார்கள். சொல்லித் தருகிறேன். முதலில் லேசாக, நடுவில் அழுத்தி, கடைசியில் விட்டுவிடு என்கிறேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர்களும் கேட்கிறார்கள். மிஷன் என்று சொல்லிவிடுகிறேன். வாய் பழகிவிட்டது.

7

அன்றைக்குச் சமையற்கட்டு வாசலில் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சவேரியம்மாளிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

‘வேறே யாருமில்லை’ என்று சொன்ன பிறகு துரைசானி ரோசம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து தண்டைத் தோளில் ஏற்றினேன். “தாங்க்யூ, மேடம்” என்றேன். இரண்டு கூடையும் ஆட, செடிகளுக்கு நடுவே கொல்லைக் கதவை நோக்கி நடந்தேன். பாதி வழியில் தண்டைத் தோள் மாற்றுகிறவன்போல் திரும்பினேன்.

ரோசம்மாள் தட்டைப் படியில் வைத்தாள். இடுப்பில் இருந்த குழந்தையை என் பக்கமாகத் திருப்பினாள். அதன் வலது கையைத் தன் விரலுக்குள் பிடித்துத் தூக்கி, எனக்கு ஆட்டிக் காட்டினாள். குழந்தைக்கு அது விளையாட்டு, சிரித்தது. துரைசானிக்கும் அது விளையாட்டுத்தான், முகம் இளகி உள்ளே போய்விட்டாள். கொல்லைக் கதவைத் திறந்து வெளியே வந்து மறுபடி பார்த்தேன். குழந்தைக்கு அலுத்துவிட்டது. முகத்தைச் சுளித்தது, கையை இழுத்தது, சிணுங்கிற்று. அவள் விடவில்லை. அந்தச் சின்னக் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றாள்.